பிள்ளை மடுவமும் பகலுறக்கமும்: கண்டி இடைநாட்டுத் தோட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கைக்குழந்தையின் பகலுறக்கம் வரலாற்றாய்வுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் எழுதல் இயல்பே. அரசர் மாறலாம், உற்பத்தி முறை மாறலாம், தொட்டிற் குழந்தை என்றும்போல் உறங்கி என்றும்போல் விழிக்கிறது என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் பாதியளவே உண்மையாகும். எவ்வளவு உறங்கவேண்டும் என்பதை உடல் தீர்மானிக்கிறது. எப்போது, எங்கே, யார் அருகில் உறங்குவது என்பதைச் சமூகம் தீர்மானிக்கிறது. தாயின் உழைப்பு விலைக்கு வாங்கப்படும் இடத்திலே குழந்தையின் உறக்கமும் அவ்விற்பனையின் நிபந்தனைகளுள் ஒன்றாகிவிடுகின்றது. இதனை விளக்குவதற்கு மலையகத் தோட்டங்களின் பிள்ளை மடுவத்தைக் காட்டிலும் பொருத்தமான சான்று இந்நாட்டில் இல்லை.

உடல் பற்றிய செய்தியை முதலிற் கூறிவிடலாம். 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, மூன்று மாதம் வரையான சிசுவுக்கு ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேர உறக்கம் வேண்டும். 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம். ஒன்று இரண்டு வயதினர்க்கு 11 முதல் 14 மணி நேரம். மூன்று நான்கு வயதினர்க்கு 10 முதல் 13 மணி நேரம். இவற்றுள் பகலுறக்கமும் அடங்கும். பிறந்த சில வாரங்களில் இரவென்றும் பகலென்றும் குழந்தை அறியாது. இரண்டு மூன்று மணிக்கொருமுறை விழித்துப் பாலருந்தி மீண்டும் துயிலும். முதலாண்டின் பிற்பகுதியில் முற்பகல் ஒன்றும் பிற்பகல் ஒன்றுமாக இரு துயில்கள் நிலைபெற்று, இரண்டாம் ஆண்டில் அவை நண்பகற் பொழுதின் ஒரே துயிலாகச் சுருங்குகின்றன. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் அதனையும் விட்டுவிடுவர். பாலும் உறக்கமும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் நாம் காணப்போகும் முரண்பாட்டின் வேர் இதுவே.

கலகெதர, கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் வீதியில், தும்பனைப் பகுதியில் அமைந்த சிற்றூர். மலைநாட்டுக்கும் தாழ்நாட்டுக்கும் இடையிலுள்ள வாயில் என்ற வகையில் 1803ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போதே ஆங்கிலேயரின் கவனத்தைப் பெற்ற இடம். நுவரெலியாவின் குளிரோ, தேயிலை ஒன்றே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்துகிடக்கும் காட்சியோ இங்கு இல்லை. சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் குடியிருப்புகளும் தோட்ட லயங்களும் அருகருகே அமைந்த இடைநாடு இது. தேயிலையோடு இறப்பர், தென்னை, மிளகு, கொக்கோ என்பனவும் கலந்து வளரும் நிலம். மலையக ஆய்வுகள் பெரும்பாலும் உயர்மலைத் தோட்டங்களையே எடுத்துப் பேசுவதால் இடைநாட்டின் தனித்தன்மைகள் மறைந்துபோகின்றன. நமது பொருளைப் பொறுத்தவரை இடைநாட்டுக்கு ஒரு பயன் உண்டு: ஒரே மலைச்சரிவில், ஒரே நண்பகலில், வெவ்வேறு உற்பத்தி முறைகளுக்குட்பட்ட தாய்மாரின் குழந்தைகள் எவ்வாறு உறங்கின என்பதை ஒப்புநோக்க முடிகிறது.

கிராமத்து நிலையைச் சுருக்கமாகக் கூறுவது போதும். வயல் வேலையில் பெண்ணின் பங்கு பெரிது. நாற்று நடுதலும் களை பறித்தலும் அவளுக்குரியன. ஆனால் அவ்வேலை பருவத்துக்குரியது. வீட்டுக்கும் வயலுக்கும் இடையே கூப்பிடு தூரமே. அத்தம் என வழங்கும் கைமாற்றுழைப்பு முறையில் அயலாரெல்லாம் ஒரே வயலில் கூடுவதால், பிள்ளைகளும் ஒரே முதியவளின் பார்வையில் விடப்படுதல் உண்டு. குழந்தை அழுதால் தாய் கரையேறி வரலாம். அவளது வருகையைக் குறித்துக்கொள்ளும் ஏடு எவரிடமும் இல்லை. சிங்களத்தில் தொட்டிலுக்கு வழங்கும் சொல் தொட்டில்ல என்பதாகும். தமிழோடு அதற்குள்ள உறவு வெளிப்படை. யாழ்ப்பாணத்தார் ஏணை என்றும் தமிழகத்தின் தென்பகுதியினர் தூளி என்றும் வழங்கும் துணித்தொட்டிலே கண்டி நாட்டுத் தோட்டங்களிலும் காணப்படுவது. கூரை வளையிலிருந்து தொங்கும் பழஞ்சேலை ஒன்றே இதன் முழு உறுப்பும். நிலத்தின் ஈரமும் ஊர்வனவும் எட்டாத உயரம், குழந்தையின் அசைவாலேயே தொடரும் மெல்லிய ஆட்டம், உடலைச் சூழ்ந்திருக்கும் துணியின் அணைப்பு என்னும் மூன்றையும் செலவின்றித் தரும் கருவி இது. பிள்ளைத்தமிழ் இலக்கியம் தாலப் பருவத்தைப் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாக வகுத்ததும், தாலாட்டு என்ற சொல் நாவசைத்தல் என்னும் பொருளிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுவதும் நாம் அறிந்தனவே. தாலாட்டுக்குக் கேட்போன் குழந்தை, பாடுவோள் அருகிலிருப்பவள். தோட்டத்துத் தாய் அருகில் இல்லை என்பதே பிரச்சினையின் தொடக்கம்.

கோப்பிக் காலத்தில் இப்பிரச்சினை பெரிதாக எழவில்லை. 1820களில் தொடங்கிப் பரவிய கோப்பிச் செய்கை, பழம் பறிக்கும் பருவத்துக்கே பெருந்தொகை ஆட்களை வேண்டிநின்றது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தவருட் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். துரைமாருக்கு வேண்டியது கைகள், குடும்பங்கள் அல்ல. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இரு தசாப்தங்களுக்குள் கோப்பியை அழித்தொழித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஏழு அல்லது பத்து நாளுக்கொருமுறை அதே செடியில் கொழுந்தெடுத்தாக வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் இலை முற்றிவிடும். எனவே நிலையாகக் குடியிருக்கும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். கொழுந்தெடுப்பது பெண்ணுக்குரிய வேலை என வகுக்கப்பட்டது. ஆணின் கூலியிலும் குறைந்த கூலிக்கு அவள் கிடைத்தாள் என்பதே அவ்வகுப்பின் உண்மைக் காரணம். விரல்களின் மென்மை பற்றிய பேச்சு பின்னர் வந்த அலங்காரம். (ஆண் பெண் சமகூலி 1984இலேயே கிடைத்தது என்பதை நினைவிற் கொள்க.) இவ்வாறு தோட்டத்தின் வருவாய் முழுவதும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களின் அன்றாட வருகையைச் சார்ந்து நின்றது. அவள் வராத நாள் தோட்டத்துக்கு இழப்பு. குழந்தை அழுதால் அவள் வரமாட்டாள்.

இந்நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஆலைத்தொழில் எங்கெங்கு தாயை வீட்டுக்கு வெளியே இழுத்ததோ அங்கெல்லாம் குழந்தையைத் துயில வைக்கும் வழி தேடப்பட்டது. முதலிற் கிடைத்த வழி கொடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் கொட்ஃபிரியின் மருந்து எனப் பெயர்பெற்ற அபின் கலந்த பாகு, ஆலைத் தொழிலாளர் வீடுகளில் சிசுக்களுக்குப் புகட்டப்பட்டது. பிரித்தானிய அரசின் பொதுச் சுகாதார அறிக்கைகளே இதனைப் பதிவு செய்துள்ளன. காள் மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்தில் இயந்திரம் பற்றி ஆராயுமிடத்து இவ்வறிக்கைகளை எடுத்தாண்டுள்ளார். பம்பாய்ப் பஞ்சாலைகளின் பெண் தொழிலாளரிடையே சிசுக்களுக்கு அபின் உருண்டை கொடுக்கும் வழக்கம் 1920களிலும் நிலவியது. 1931இல் அறிக்கை சமர்ப்பித்த இந்தியத் தொழில் பற்றிய அரச ஆணைக்குழு, விட்லி ஆணைக்குழு என அறியப்படுவது, இதனைக் கவனத்திற் கொண்டு ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வற்புறுத்தியது. அபினால் வந்த துயில் பசியையும் மறைத்தது. உறங்கிய குழந்தை பால் கேட்கவில்லை. கேளாத குழந்தை மெலிந்தது. தாய்மாரைக் குறைகூறிய சீர்திருத்தக்காரர் பலர் ஆலைச் சங்கின் நேரத்தைப் பற்றி வாய்திறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது வழி காப்பகம். 1844இல் பாரிஸ் நகரில் ஃபிர்மின் மார்போ தொடங்கிய காப்பகத்துக்கு மாட்டுத்தொழுவத்துத் தீவனத் தொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே பெயராயிற்று. யேசு பிறந்த தொட்டிலின் நினைவு அது. ஏழைத் தாய் வேலை செய்யும் நேரத்தில் குழந்தை உறங்கவும் உண்ணவும் இடமளித்தலே நோக்கம். அதிற் கருணையும் இருந்தது, கணக்கும் இருந்தது. இவ்விரண்டின் விகிதம் இடத்துக்கிடம் மாறுபட்டது.

இலங்கைத் தோட்டங்களில் கணக்கே மேலோங்கி நின்றது என்பது நமது கருத்து. இருபதாம் நூற்றாண்டின் முதல் தசாப்தங்களில் தோட்ட நிருவாகங்கள் லயங்களுக்கருகே ஒரு கொட்டகையை ஒதுக்கி, முதுமையாலோ நோயாலோ மலையேற இயலாத ஒரு பெண்ணை அங்கே இருத்தின. பிள்ளை மடுவம், பிள்ளைக் காம்பரா என்பன தொழிலாளர் இட்ட பெயர்கள். மடுவம் என்ற சொல்லையே கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கும் அவர்கள் வழங்கினர். ஒன்றிலே கொழுந்தையும் மற்றொன்றிலே பிள்ளையையும் இறக்கிவைத்தனர். அதற்கு முன்னர் தாய் குழந்தையைத் தன்னோடு மலைக்குக் கொண்டுசென்று நிழல்மரக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டியதும், அன்றேல் மூத்த பெண்பிள்ளையின் காவலில் லயத்தில் விட்டுச்சென்றதும் தோட்டத்து முதியோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இரண்டாவது வழக்கம் இன்றும் முற்றாக அற்றுப்போகவில்லை. தம்பி தங்கையைத் தூங்கவைக்க வேண்டியிருந்த காரணத்தால் பள்ளியை இழந்த பெண்பிள்ளைகளின் தலைமுறைகளை எந்தக் கல்வி அறிக்கையும் முழுமையாகக் கணக்கிட்டதில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தொட்டு தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குச் சட்டங்கள் இருந்தன. ஆனால் கைக்குழந்தையின் பகலுறக்கத்தை யார் காப்பது என்ற கேள்விக்கு விடையில்லாதவரை, மூத்தவளுக்குப் பள்ளி ஏட்டளவிலேயே இருந்தது.

சட்டத்தின் வளர்ச்சியையும் நோக்குதல் தகும். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்து அவளை வேலைக்கு அழையாதிருக்கும் கடமையையும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பைக் கவனிக்கும் கடமையையும் தோட்ட அதிகாரியின்மீது சுமத்தியது. கங்காணி முறையின் கொடுமைகள் வெளியுலகில் பேசப்பட்டதன் விளைவாக, இந்திய அரசின் முகவர் 1923 முதல் கண்டியிலே அலுவலகம் கொண்டிருந்தார். தோட்டங்களின் குடியிருப்பும் சுகாதாரமும் அவருடைய ஆண்டறிக்கைகளில் இடம்பெற்றன. 1939ஆம் ஆண்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்வந்த திருத்தங்களே காப்பகம், பாலூட்டும் இடைவேளை ஆகியவற்றை உரிமையாக்கின. காப்பகமுள்ள இடத்தில் அரைமணி நேரத்துக்குக் குறையாத இரு இடைவேளைகள். காப்பகம் இல்லாவிடில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அரைமணி நேரமாக இருமுறை என்ற அளவை 1919இலேயே சர்வதேசத் தொழில் தாபனத்தின் மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம் வகுத்துவிட்டது என்பதை நோக்கும்போது, அது கொழுந்து மலைக்கு வந்துசேர எத்தனை காலம் பிடித்தது என்பது தெளிவாகும். இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டின் பெருந்தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. நீலகிரியின் காப்பகங்கள் அதன் வழி வந்தவை.

இனி மடுவத்தின் ஒரு நாளை நோக்குவோம். விடியற்காலை நான்கு மணியளவில் தாய் எழுகிறாள். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து முடிக்கும்போது பெரட்டுக்கு நேரமாகிவிடும். குளித்து முழுவதும் விழித்திராத குழந்தையைத் துணியிற் சுற்றி மடுவத்தில் ஆயம்மாவிடம் ஒப்படைக்கிறாள். குழந்தையின் காலைத்துயில் இவ்வாறு நடுவிலே முறிகின்றது. முற்பகல் தேநீர் வேளையில் தாய் இறங்கி வருவாள். அப்போது குழந்தை விழித்திருக்க வேண்டும். துயின்றால் எழுப்பியாவது பாலூட்டியாக வேண்டும், ஏனெனில் அடுத்த வரவு நண்பகலில்தான். உறங்கும் குழந்தையை எழுப்பலாகாது என்பது நம்மூர்ப் பாட்டிமார் அனைவரும் அறிந்த விதி. அவ்விதியைத் தோட்டம் நாள்தோறும் மீறவைத்தது. மறுபுறத்தில், தாய் திரும்பிச் சென்றதும் அத்தனை குழந்தைகளும் ஒரே வேளையில் துயிலவேண்டும். இல்லையேல் ஒரே ஆயம்மா இருபது பிள்ளைகளைச் சமாளிக்க இயலாது. கூரை வளையிலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களின் காட்சியைக் கண்டு இன்புற்ற வெளிநாட்டார் பலர். அவ்வரிசை, இயற்கையில் வெவ்வேறாக அமைந்த துயில்களைத் தொழிற்சாலைச் சங்குக்கேற்ப ஒன்றாக்கிய ஒழுங்கின் வடிவமாகும். கடிகார நேரமும் தொழில் ஒழுக்கமும் பற்றி ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஆலைத் தொழிலாளனின் நேரவுணர்வு எவ்வாறு வடிக்கப்பட்டது என்பதைக் காட்டியது. அசாம் தோட்டங்கள் பொதுநேரத்துக்கு ஒரு மணி முன்னதாகத் தமக்கெனத் தோட்ட நேரம் ஒன்றையே வைத்திருந்தன. அந்த ஒழுக்கத்தைப் பேச்சறியாத சிசுவும் கற்கவேண்டியிருந்தது என்பதே மடுவம் நமக்குணர்த்துவது.

கலகெதரப் பக்கத்து இறப்பர் மலைகளில் இம்முரண்பாடு வேறு வடிவம் கொண்டது. மரத்தின் பால் விடியலின் குளிர்ச்சியிலேயே நன்கு வடியும். வெயில் ஏறினால் வடிதல் குறையும். எனவே பால் வெட்டும் பெண் இருள் பிரியுமுன்னரே புறப்பட்டாக வேண்டும். குழந்தை விழித்துத் தாய்ப்பால் தேடும் நேரமும் மரம் பால் சொரியும் நேரமும் ஒன்றாகவே அமைந்தன. ஆயினும் வெட்டிய பாலைச் சேர்த்து நிறுத்துக்கொடுத்தபின் நண்பகலளவில் அவள் வீடு திரும்ப முடிந்தது. ஆகவே தேயிலைத் தாய்க்கு வாய்க்காத ஒன்று இறப்பர்த் தாய்க்கு வாய்த்தது: பிற்பகல் துயிலில் குழந்தை அவள் பக்கத்திற் கிடந்தது. இதனை நிருவாகத்தின் கருணை எனக் கொள்ளலாகாது. மரத்தின் இயல்பு தந்த சலுகை அது.

சட்டம் தந்ததைக் கூலிமுறை பறித்த கதையையும் கூறியாக வேண்டும். ஒரு நாளின் முழுக்கூலியாகிய பேர் கிடைப்பதற்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டந்தோறும் ஓர் அளவு விதிக்கப்படுகிறது. அளவு குறைந்தால் அரைப்பேர். அளவை மிஞ்சினால் கைக்காசு. பாலூட்டச் செல்லும் அரைமணி நேரம் சட்டப்படி வேலை நேரமே. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் கூடையில் கொழுந்து விழுவதில்லை. பாலூட்டும் தாய்க்கென அளவு தானாகக் குறைவதுமில்லை. மேல்மலையில் நிரை கிடைத்தவளுக்கு மடுவம் வரை இறங்கி ஏறவே அந்நேரம் போதாது. ஆகவே இறங்காமலேயே இருந்துவிடும் தாய் உரிமையைத் துறந்தவள் அல்லள். உரிமையின் விலையைக் கணக்கிட்டவள். மூன்றாம் பிள்ளையின் நிலை இன்னும் கடினம். முதலிரு பேறுகளுக்கு 12 வார விடுமுறையும் மூன்றாவதிலிருந்து 6 வாரமுமே என்றிருந்த வேறுபாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கியது. அதுவரை மூன்றாவதாகப் பிறந்த குற்றத்துக்காக, பகலிரவு பிரித்தறியாத ஆறு வாரச் சிசு மடுவத் தொட்டிலுக்கு வந்தது. தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளிலே கூலி என்றும் முதலிடம் பெற்றது. மடுவம் அரிதாகவே பேசப்பட்டது. சங்கத் தலைமையில் பெண்கள் இன்மையே இதற்குக் காரணம் எனத் துணிந்து கூறலாம்.

இடைநாட்டின் மடுவங்களுக்கு நேர்ந்த முடிவு தனியே ஆராயத்தக்கது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்டனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்பின் கண்டி, மாத்தளை, கேகாலைப் பகுதிகளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. கூட்டுறவு அமைப்புகளிடம் கையளிக்கப்பட்ட தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டின் பொது வீதத்தை விட மிக உயர்ந்து நின்றது. பசித்த தாயின் மடியில் குழந்தைக்கு உறக்கம் ஏது? முற்போக்காளர் பலரும் வரவேற்ற காணிச் சீர்திருத்தம் நிலத்தில் உழைத்தவளை நிலத்துக்குரியவளாகக் கொள்ளவில்லை. 1977, 1983ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்கள் எஞ்சியவரையும் சிதறடித்தன. இத்தகைய இடங்களில் லயத்தோடு மடுவமும் மறைந்தது.

எஞ்சிய தோட்டங்களில் மாற்றங்கள் நிகழ்ந்தன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1973இல் தொடங்கிய திரிபோஷத் திட்டமும், அரச நிருவாகத்தின் கீழ் 1980களில் வெளிநாட்டு உதவியோடு நடந்த சமூக நலத் திட்டமும், 1992இல் தோட்டங்கள் தனியார் முகாமையிடம் ஒப்படைக்கப்பட்டபோது நிறுவப்பட்ட நலநிதியமும் மடுவத்தின் தோற்றத்தை மாற்றின. தகரக் கொட்டகை கற்கட்டடமாயிற்று. ஆயம்மாவின் இடத்தில் பயிற்சி பெற்ற இளம்பெண் வந்தாள். சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயரும் வந்தது. சிசு மரணம் பெரிதும் குறைந்தது. குழந்தைகள் இன்று பாயில், மெத்தையில் துயில்கின்றன. ஆனால் நிலையத்தின் நேரம் இன்றும் மலையின் நேரமே. தோட்ட வேலையை விட்டுக் கண்டி நகரத்துக் கடைகளுக்கும் தையல் ஆலைகளுக்கும் செல்லும் தாய்மார் விடியலிலே பேருந்து ஏறி இருட்டிய பின் திரும்புகின்றனர். மத்திய கிழக்கு சென்றவள் ஆண்டுகள் கழித்தே திரும்புகிறாள். இவர்களின் பிள்ளைகள் மீண்டும் பாட்டியின் சேலைத் தொட்டிலுக்கே வந்திருக்கின்றன. ஒருகாலத்தில் மலையேறிய அதே பாட்டி, தன் பிள்ளையை உறங்கவைக்க வாய்க்காத பகற்பொழுதைப் பேரப்பிள்ளைக்குத் தருகிறாள்; இதற்குப் பேருமில்லை, அரைப்பேருமில்லை.

இத்துறையில் ஆய்வு செய்ய முனைவோர்க்குத் தோட்டத்துச் செக்ரோல் ஏடுகள் ஒரு மூலமாகும். அவற்றிலே கொழுந்தெடுத்தவளின் பெயர் உண்டு, கிலோ உண்டு. மடுவத்தில் இருந்த ஆயம்மாவின் பெயரும் நாட்கூலியாளாக உண்டு. பிள்ளைகளின் பெயர்கள் இல்லை. அவர்களின் பகலுறக்கம் முறிந்த நாட்களை அறிய வேண்டுமாயின், தாயின் பெயருக்கு நேரே அரைப்பேர் விழுந்த கட்டங்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.